தோன்றா எழுவாய்

மேசைமேல் தேநீர் வைக்கக் கூடாது என்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, நான்கு மூலையிலும் பசை தடவிச் சுவரில் ஒட்டியவர் கமாதான். அந்த அறிவிப்புக்கு நேர் கீழே இருந்த மேசைமேல் தேநீர்க் குவளையை வைத்தவரும் அவரேதான். முழங்கையால் அதைத் தட்டிவிட்டது யார் என்று வழக்கு நடத்தினால் கண்ணால் கண்ட சாட்சி கிடையாது. உணவு இடைவேளை. நீதிமன்ற அறையில் ஈ காக்கை இல்லை. ஆனால் கமாவின் வலது சட்டைக்கை முழங்கைவரை நனைந்திருந்தது. அதைவிட நல்ல சாட்சி எந்த வழக்கிலும் கிடைக்காது.

தேநீர் மேசை விளிம்பில் ஒரு நொடி யோசித்தது. பிறகு கீழே இருந்த மின்பலகைக்குள் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, மாடி முழுக்க மின்விசிறிகள் நின்றன. ஓடிவந்த மின்பணியாளர் குனிந்து பார்த்துவிட்டு, "எலி கடிச்சிருக்கும் சார். இங்க எலித் தொல்லை ஜாஸ்தி" என்றார்.

கமா, துடைத்த கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஆமா, பெரிய எலி" என்றார்.

எலி கடித்ததில் அன்று காலை முழுக்க அவர் தட்டச்சு செய்திருந்த சாட்சியமும் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து சேமித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார். அது ஏதோ வாய்க்கால் வரப்புத் தகராறு இல்லை. ஒரு கொலை வழக்கில், சம்பவத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆளின் சாட்சியம்.

கமாவுக்கு வேறொரு பெயர் உண்டு. பணிப் பதிவேட்டில் இருக்கிறது. சாட்சிகள் மூச்சுவிடும் இடத்திலெல்லாம் அவர் காற்புள்ளி வைப்பார், மூச்சுவிடாத இடத்திலும் வைப்பார் என்பதால் அலுவலகத்தில் எல்லாருக்கும் கமா. இருபத்தாறு வருடமாகக் கூண்டில் ஏறுபவர்களின் பேச்சைக் கேட்டு, அதை அச்சுத் தமிழாக்கி அடிப்பது அவர் வேலை. ஜனங்கள் பேசுவதை அப்படியே அடித்தால் மேல்கோர்ட்டில் சிரிப்பார்கள் என்பது அவர் கட்சி. நீதிபதியும் வர வர அவரை நம்பி, தானே வாய்விட்டுச் சொல்லி எழுதவைப்பதை விட்டுவிட்டார்.

அன்று காலை கூண்டில் ஏறிய சலவைக்கடைக்காரம்மாவைக் கமா முதல் கேள்வியிலேயே ரசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். கேள்விக்குக் கேள்விதான் பதில்.

"சம்பவத்தை நேர்ல பார்த்தீங்களா?" என்றார் அரசு வக்கீல்.

"கண்ணு எதுக்குங்க இருக்கு?"

"பார்த்தேன், இல்ல பார்க்கலைன்னு சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"பார்க்காமலா கடையைப் பூட்டிட்டு வந்து இங்க கால் கடுக்க நிக்கறேன்?"

'நான் சம்பவத்தை, நேரில் பார்த்தேன்' என்று கமா அடித்தார்.

வழக்கு இதுதான். சலவைக்கடைக்கு எதிரே ஒரு வண்டிப் பழுது பார்க்கும் கொட்டகை. மெக்கானிக்கும் பெயின்டரும் பதினொரு வருடமாகக் கூட்டாக நடத்தியது. ஒரு நாள் பெயின்டர் ஒரு காரின் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்துக் காயப்போட்டிருந்தார். மெக்கானிக் கிரீஸ் கையோடு அதில் சாய்ந்துவிட்டார். ஐந்து விரலும் அச்சாக விழுந்தன. அவ்வளவுதான் சண்டை. வாய்ச்சண்டை வளர்ந்தது, ஒருவர் ஜாக்கிக் கம்பியை எடுக்க, மற்றவர் ஸ்பேனரை எடுக்க, முடிவில் பெயின்டர் நெற்றிப்பொட்டில் ஒரே ஒரு அடியோடு செத்துப்போனார். கதவின் புகைப்படம் வழக்குக் கட்டில் இருந்தது. யாரோ கைகாட்டி விடைபெறுவது போல இருக்கும்.

மெக்கானிக் தன் தரப்பாகச் சொன்னது மூன்று வரி. "அவன் என்னைக் கீழ தள்ளினான். கம்பியை ஓங்கிக்கிட்டு மேல வந்தான். உயிருக்குப் பயந்து அடிச்சேன்." தற்காப்பு. அரசுத் தரப்போ, பெயின்டர் எண்ணெயில் வழுக்கி விழுந்தார், விழுந்து கிடந்தவரைத்தான் மெக்கானிக் அடித்தார் என்றது. அடி மேலிருந்து கீழே வந்ததா, கீழிருந்து மேலே போனதா என்று கேட்டதற்கு மருத்துவர், "ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆக, விழுந்தது யார் என்பதில்தான் மெக்கானிக்கின் மிச்ச ஆயுள் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் பார்த்தீங்க?" என்று எழுந்தார் மெக்கானிக்கின் வக்கீல். இளைஞர்.

"இஸ்திரிப் பெட்டி சட்டை மேல இருந்துச்சு. நிமிர்ந்து பார்த்துட்டுக் குனிஞ்சா சட்டையில ஓட்டை. அவ்வளவு நேரம்."

"பருத்திச் சட்டை கருக எத்தனை விநாடி ஆகும்?"

"உங்க சட்டையைக் கழட்டிக் குடுங்க தம்பி, எண்ணிப் பார்த்துடலாம்."

அறை சிரித்தது. நீதிபதி இருமினார். கூண்டுக்குள் மெக்கானிக்கின் உதடுகூட ஒரு கணம் அசைந்து, தப்புச் செய்துவிட்டதுபோல் அடங்கியது. கடைசி வரிசை பெஞ்சில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெயின்டரின் மனைவி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சரிம்மா. கடைசியா என்ன நடந்துச்சு?" என்றார் அரசு வக்கீல்.

"ரெண்டு பேரும் கத்திக்கிட்டுக் கிடந்தாங்க. இவன் கையில ஸ்பேனர், அவன் கையில கம்பி. ஒரே தள்ளுமுள்ளு. விழுந்தப்புறந்தான் அடிச்சான்."

அரசு வக்கீல் முகம் மலர்ந்து உட்கார்ந்தார். மெக்கானிக்கின் வக்கீலும் முகம் மலர்ந்து உட்கார்ந்தார். ஒரே பதிலுக்கு இரண்டு வக்கீல்களும் சிரித்ததைக் கமா தன் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை. என்ன அதிசயம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. கிடைத்த பதிலை மேலும் கிளறிக் கெடுக்கக் கூடாது என்பது வக்கீல் தொழிலில் பாலபாடம். ஆகவே இரண்டு பேருமே அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. மணி ஒன்று. நீதிபதி எழுந்தார். பிறகுதான் தேநீர்.

மின்சாரம் திரும்பிய பிறகு கமா பக்கத்து அறைக் கணினியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்தது பழைய உறை ஒன்றின் முதுகில் அவர் கிறுக்கிய குறிப்புகள். 'கண். பார். இஸ். சட்டை ஓட்டை.' மற்றதெல்லாம் ஞாபகத்திலிருந்து வந்தது. கடைசிக் குறிப்பு: 'விழு. பின் அடி.'

எழுவாய் இல்லாத வாக்கியத்தைப் பார்த்தால் கமாவுக்குப் பித்தான் போடாத சட்டையைப் பார்த்ததுபோல் இருக்கும். போட்டுவிடாமல் நகர முடியாது. விரல்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. செத்தவன்தானே விழுந்திருப்பான் என்று தாமாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டன.

'இறந்தவர் கீழே விழுந்த பிறகே, எதிரி அவரை அடித்தார்.'

நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். யாருக்கு எதிரி என்று யாரும் கேட்பதில்லை.

சலவைக்கடைக்காரம்மா வராந்தாவில் நிலைகொள்ளாமல் நின்றிருந்தார். "பெட்டியை அணைச்சேனா இல்லையான்னு ஞாபகமே இல்லைங்க. கடை பத்திக்கிட்டா நீங்களா வந்து ஊதுவீங்க?" காகிதத்தை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். அடியில் 'வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்ற வரி இருந்தது. அது எல்லாச் சாட்சியத்தின் அடியிலும் வரும். கமா அதற்கென்றே தனியாக ஒரு விசை வைத்திருந்தார். அன்றும் அந்த விசையைத்தான் அழுத்தினார். வாசித்துக் காட்டவில்லை.

* * *

எட்டு மாதம் கழித்து இறுதி வாதம். அரசு வக்கீல் அந்த வரியை எடுத்தார். காற்புள்ளியில் நிறுத்தி, மூச்சு இழுத்து, மிச்சத்தைச் சொன்னார். தன் காற்புள்ளி இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று கமாவே எதிர்பார்க்கவில்லை.

மெக்கானிக்கின் வக்கீல் பதறி எழுந்தார். "ஐயா, சாட்சி அப்படிச் சொல்லவே இல்லை. என் கட்சிக்காரர் விழுந்த பிறகுதான் அடிச்சாருன்னு சொன்னாங்க. அதனாலதான் நான் அதுக்கு மேல ஒரு கேள்வியும் கேக்கலை."

"நகல் வாங்கினீங்களே, படிக்கலையா?"

"என் குறுக்கு விசாரணையை மட்டும்..." இளைஞர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நானும் இங்கதான் இருந்தேன்" என்று ஆரம்பித்த நீதிபதி, கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் ஞாபகமில்லை என்பது கமாவுக்குத் தெரிந்தது. நீதிபதி திரும்பி, "இதை அடிச்சது நீங்கதானே? சாட்சி சொன்னபடிதானே இருக்கு?" என்றார்.

அறை முழுதும் கமாவைப் பார்த்தது. கூண்டிலிருந்து மெக்கானிக்கும் பார்த்தார். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வண்டி நிற்குமா நிற்காதா என்று பார்ப்பவரின் பார்வை.

கமாவுக்குள் எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தன: குவளை, புகை, எலி, உறையின் முதுகு, இரண்டு வக்கீல்களின் சிரிப்பு. ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம். இருபத்தாறு வருடத்தில் அவர் அடித்ததில் பிழை என்று எவரும் சொன்னதில்லை.

"ஆமாங்கய்யா" என்றார்.

தீர்ப்பு இரண்டு வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அன்று மாலை வீட்டில் கமாவின் மனைவி அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அவர் ஒரு மருத்துவமனையில் மருந்தாளர். பொய்யும் தலைவலியும் ஒரே மாதிரிதான் முகத்தில் தெரியும் என்பார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"அப்போ பொய் சொன்னீங்க."

"பொய்யின்னு இல்லம்மா. எனக்கே உறுதியாத் தெரியலை. நான் போட்ட எழுவாய் சரியாக்கூட இருக்கலாம்."

"பள்ளிக்கூடத்துல தோன்றா எழுவாய்னு ஒண்ணு சொல்லிக்குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. அதுல எனக்கு நூத்துக்கு நூறு."

"அது தோன்றலைன்னா தோன்றாமத்தான் இருக்கட்டுமே. நீங்க யாரு அதைக் கூப்பிட்டு உக்கார வைக்க?" அவர் ஒரு சட்டையை உதறினார். "எனக்குச் சீட்டுல ஒரு எழுத்து விளங்கலைன்னா டாக்டருக்குப் போன் பண்ணிக் கேப்பேங்க. அவர் எரிஞ்சு விழுவார். விழட்டும். தோணினதை எடுத்துக் குடுக்க மாட்டேன்."

"இப்ப நான் யாருக்குப் போன் பண்றது?"

"அதை என்கிட்டயா கேக்கறீங்க?"

* * *

மறுநாள் கமா இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு சலவைக்கடைக்குப் போனார். சாட்சியை அலுவலர் ஒருவர் போய்ப் பார்ப்பது தப்பு. தெரிந்தேதான் போனார். தப்புச் செய்வதில் இப்போது ஓரளவு பழக்கம் வந்திருந்தது.

எதிரே கொட்டகை பூட்டிக் கிடந்தது. கடைக்குள் நீராவியும் சோப்பு வாசனையும். சலவைக்கடைக்காரம்மா சட்டையை விரித்து, காலரை மோந்து பார்த்து, "இது துவைச்சு இஸ்திரி போட்டதுதானே? வேணும்னே கசக்கி எடுத்துட்டு வந்தீங்களா?" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கோர்ட்டுல டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டு இருந்தவர்தானே?"

"ஆமாங்க. ஒரு சின்ன விஷயம். அன்னைக்கு 'விழுந்தப்புறந்தான் அடிச்சான்'னு சொன்னீங்க. விழுந்தது யாருங்க?"

"ஏன், நீங்கதானே எழுதினீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? பார்த்தது நீங்க."

"பார்த்தது நானுன்னா, எழுதும்போது எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்?"

கமா பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவருக்குக் கொண்டுபோனார். அங்கே, இஸ்திரி மேசைக்கு மேலே, நீராவியில் ஓரம் சுருண்ட ஒரு செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது. அந்த அம்மாளின் சின்னப் புகைப்படம். அதன் கீழே பெரிய எழுத்தில்: 'இறந்தவர் கீழே விழுந்த பிறகே, எதிரி அவரை அடித்தார்.'

தன் வரி அச்சில் வந்திருப்பதைப் பார்த்ததும் கமாவுக்கு முதலில் வந்தது பெருமைதான். காற்புள்ளியைக்கூட எடுக்காமல் போட்டிருக்கிறார்களே என்று. அந்தப் பெருமை ஒரு நொடி நின்றது. அதற்கப்புறம் வந்ததற்கு அவரிடம் பெயரில்லை.

"எட்டு மாசமா வர்றவங்க எல்லாரும் அதை வாசிச்சுக் காட்டிட்டுத்தான் துணியைக் குடுக்கறாங்க" என்றார் சலவைக்கடைக்காரம்மா. "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

சட்டையைத் திரும்பத் தரும்போது, அவர் சிரிக்காமல், "கருகலை. நல்லாப் பார்த்துக்கங்க" என்றார்.

* * *

நீதிபதியின் அறையில் கமா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தேநீரில் ஆரம்பித்து, "எலி இல்லைங்கய்யா, நான்தான்" என்று தொடர்ந்து, வாசித்துக் காட்டாததையும், கூண்டில் நின்ற மனிதரின் முன்னால் 'ஆமாங்கய்யா' சொன்னதையும், சலவைக்கடைக்குப் போனதையும் வரிசைப்படி சொன்னார். எங்கும் காற்புள்ளி இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது.

நீதிபதி வழக்குக் கட்டைத் திறந்து அந்த வரியைப் படித்தார். பிறகு, "எனக்கும் அன்னைக்கு ஒரு எழுவாய் கேட்டுச்சு" என்றார். "எதுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா கேட்டுச்சு. நான் சத்தமாச் சொல்லி எழுதவெச்சிருக்கணும். கையெழுத்தாவது படிச்சுட்டுப் போட்டிருக்கணும்." மேசைமேல் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். "உங்க மேல நடவடிக்கை எடுக்காம இருக்க முடியாது."

"எடுங்கய்யா."

"விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க. எழுவாயோட."

இரண்டு வக்கீல்களுக்கும் தகவல் போனது. சலவைக்கடைக்காரம்மா மறுபடி கூண்டில் ஏறினார். கமாவின் நாற்காலியில் அன்று வேறொருவர். கமா சுவரோரம் நின்றார்.

"அம்மா" என்றார் நீதிபதி, குரலைத் தாழ்த்தி. "பேப்பரை மறந்துடுங்க. எங்களையும் மறந்துடுங்க. அன்னைக்குக் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க. யார் விழுந்தது?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மாட்டிக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். கண்ணை மூடினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"தள்ளுமுள்ளு தெரியுதுங்க. நீலக் கதவு தெரியுது. அதுக்கு அப்புறம், அந்த இடத்துக்கு வந்ததும், சுவர்ல ஒட்டி வெச்சிருக்கேனே, அந்த எழுத்து வந்து நிக்குது. விழுந்தது அவன்னு அது சொல்லுது." கண்ணைத் திறந்தார். "அது நான் பார்த்ததா, நீங்க எழுதினதான்னு நான் இனிமே யாரைப் போய்க் கேக்கறது?"

முதல்முறையாக அவர் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை.

கலைந்து போகும்போது பெயின்டரின் மனைவி கமாவின் அருகே நின்றாள். பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அந்த ஒரு வரியைத்தாங்க நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அவர் எப்படிச் செத்தார்னு ஒண்ணாவது உறுதியாத் தெரியுதேன்னு." கோபமாகச் சொல்லியிருந்தால் கமா தாங்கியிருப்பார். அவள் ஏதோ முகவரி விசாரிப்பதுபோல் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனாள்.

* * *

அடுத்த மாதம் கமா நகல் பிரிவுக்கு மாற்றப்பட்டார். கீழ்த்தளத்தில், கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால். ஆவணங்களை நகலெடுத்து முத்திரை குத்தித் தருவது வேலை. ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்க முடியாது, எடுக்க முடியாது. அலுவலகத்தில் இப்போது அவரை முற்றுப்புள்ளி என்கிறார்கள் என்று கேள்வி. பெயர் பொருத்தம்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. கமா அதை நகலெடுக்கும்போதுதான் படித்தார். ஒரே கண்கண்ட சாட்சியின் ஞாபகம் அவர் தவறில்லாமலே கலங்கிவிட்டது. விழுந்தது யார் என்று ஐயமற நிறுவப்படவில்லை. எதிரி தற்காப்புக்காக அடித்திருக்கவும் இடமுண்டு. ஆகவே நான் சந்தேகத்தின் பலனை அவருக்கு அளித்து விடுதலை செய்கிறேன். எல்லா வாக்கியத்திலும் எழுவாய் இருந்தது. படித்து முடித்ததும், ஒரு மனிதரைக் காப்பாற்றினோமா, இன்னொரு மனிதரை இரண்டாம் முறை சாகடித்தோமா என்பது கமாவுக்கு விளங்கவில்லை. அதையும் நகலெடுத்து முத்திரை குத்தினார்.

நகல் வாங்க மெக்கானிக்கே வந்தார். இளைத்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடிக்கப் போய், ஏதோ நினைத்துக்கொண்டு கையை எடுத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் பெயர், தகப்பன் பெயர், வழக்கு எண் எல்லாவற்றையும் பெரிய பெரிய எழுத்தில் நிரப்பினார்.

"நீங்கதானே அன்னைக்கு..." என்றார்.

"நான்தான்."

"நல்லா இருங்க சார்."

அந்த வார்த்தை கமாவைச் சும்மா விடவில்லை. வரிசையில் பின்னால் யாருமில்லை. மெக்கானிக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்வரை பொறுத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. வழக்கு முடிஞ்சுது, நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதும் இல்லை. எனக்காகத்தான் கேக்கறேன். அன்னைக்கு யாருங்க விழுந்தது?"

மெக்கானிக் அவரையே பார்த்தார். "எழுதுவீங்களா?"

கமா இரண்டு கையையும் ஜன்னலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஒரு கையில் முத்திரை மை. பேனா இல்லை.

"ரெண்டு பேரும்தான்" என்றார் மெக்கானிக்.

கமா தூக்கிய கைகளை மெல்ல இறக்கினார்.

"நான்தான் தள்ளினேன். அவன் என் சட்டையை விடலை. சேர்ந்தே விழுந்தோம், கட்டிப்புடிச்ச மாதிரி. வக்கீல்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரும்னு சொன்னா யாருக்கும் விளங்காது, நீங்க விழுந்ததை மட்டும் சொல்லுங்கன்னாரு. அந்தம்மா சரியாத்தான் சொன்னாங்க சார். அவங்க சொன்னப்போ நான் அங்கதானே நின்னேன்."

வராந்தாவில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். அது ஓயும்வரை மெக்கானிக் காத்திருந்தார்.

"விழுந்ததும் என் கையில ஸ்பேனர் இருந்துச்சு. அவன் எந்திரிச்சா என்னைக் கொன்னுடுவான்னு நெனச்சேன். நெஜமாவே நெனச்சேன் சார், அதுல பொய்யில்லை. எந்திரிக்கறதுக்குள்ள அடிச்சுட்டேன்."

"அவர் கையில கம்பி?"

"விழும்போதே தெறிச்சு அந்தப் பக்கம் போயிருந்துச்சு."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

மெக்கானிக் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். ஐந்து விரலும் சுத்தமாக இருந்தன.

"அடிச்சப்புறந்தாங்க பார்த்தேன்."